ஸ்பிரிங் சும்மா இருக்கட்டும்

கண்ணாடிக் கடைகளில் ஒரு வித்தை காட்டுவார்கள். ஃப்ரேமை எடுத்து, காதில் மாட்டுகிற இரண்டு சைடையும் முழுசாகத் திறந்து, அதோடு விடாமல் வெளிப்பக்கமாக இன்னும் விரிப்பார்கள். கையை விட்டதும் சைடு டக்கென்று பழைய இடத்துக்கு வந்து நிற்கும். "பாத்தீங்களா சார், ஸ்பிரிங்கு. உடையவே உடையாது." வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும். கூட முந்நூறு ரூபாய் சொன்னாலும் பேரம் பேச மாட்டார்.

சென்னை வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் என் கடையில் இந்த வித்தை கிடையாது. நேர்மைக்காக என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். விரித்துக் காட்டினால் வாங்குகிறவர் மனசில் ஒரு எண்ணம் ஏறி உட்கார்ந்துவிடுகிறது: ஸ்பிரிங் இருப்பது தலையைக் கவ்விப் பிடிக்க என்று. அந்த எண்ணத்தை இறக்கும் வேலை பிறகு என் தலையில்தான் விழும். கண்ணாடி முகத்தில் இருக்கிற நேரமெல்லாம் அந்த ஸ்பிரிங் சும்மா இருக்க வேண்டும். கழற்றும்போது, மாட்டும்போது, குழந்தை பிடித்து இழுக்கும்போது மட்டும் எழுந்து ஒரு நொடி வேலை பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் படுத்திருக்கும்படி ஃப்ரேம் பார்த்துக் கொடுப்பதில்தான் எங்கள் தொழிலின் பாதி இருக்கிறது.

நான் தொழில் பழகியது ராயபுரத்தில் ஒரு பாய் கடையில். எண்பதுகளின் கடைசி வருஷங்கள். கண்ணாடி அலமாரியில் இருந்தவை பெரும்பாலும் ஷெல் ஃப்ரேம்கள், அதாவது அசிடேட் என்கிற பிளாஸ்டிக்கில் செய்தவை. அதில் ஏற்றும் லென்ஸும் அசல் கண்ணாடிதான். பவர் கூடினால் மூக்கில் குழி விழும். ஹார்பரில் வேலை பார்க்கிறவர்கள், காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கண் பார்த்துச் சீட்டோடு வருகிறவர்கள், இவர்கள்தான் வாடிக்கை. புதுக் கண்ணாடி விற்றதைவிட ரிப்பேர் பார்த்ததே அதிகம். ரிப்பேரில் மூக்குப் பேடு போனது, ரிம் விட்டது என்று கொஞ்சம் வரும். மற்றதெல்லாம் சைடு கழன்ற கேஸ்.

ஏன் சைடே கழல்கிறது என்று பாய் எனக்கு வாயால் சொல்லித் தரவில்லை. ஒரு பழைய ஃப்ரேமைக் கையில் கொடுத்து, "உடை, பாக்கலாம்" என்றார்.

சாதாரணக் கீலில், லென்ஸ் பூட்டிய ஃப்ரன்ட் பக்கம் இரண்டு வளையம், சைடில் ஒரு வளையம். விரல்களைக் கோத்துக்கொண்டதுபோல ஒன்றுக்குள் ஒன்று நிற்கும். நடுவில் ஒரு ஸ்குரூ இறங்கும். கொஞ்சம் உசத்தியான ஃப்ரேமில் ஐந்து வளையம், இன்னும் உசத்தியில் ஏழு. சைடைத் திறந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதன் வெட்டுமுகம் ஃப்ரன்ட்டின் ஓரத்தில் போய் முட்டும். அங்கே நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் வெளியே தள்ளினால் சைடு முழுவதும் நெம்புகோலாக மாறிவிடும், முட்டிய விளிம்பு தாங்குமுனை ஆகிவிடும். அந்த விளிம்பிலிருந்து ஸ்குரூ வரைக்கும் 3 மில்லிமீட்டர் என்று வையுங்கள்; கை பிடித்திருக்கிற இடம் 120 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. நாற்பது மடங்கு. காதுப் பக்கத்து முனையில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால் கீலை 40 கிலோ இழுக்கிறது. ஸ்குரூவின் குறுக்களவு 1.2 அல்லது 1.4 மில்லிமீட்டர்தான்.

ஸ்குரூ உடைந்தால் அதிர்ஷ்டம் என்பார் பாய். வேறு ஸ்குரூ போட்டால் முடிந்தது. ஸ்குரூ தாங்கிவிட்டால்தான் வம்பு. ஷெல் ஃப்ரேமில் சூடாக்கி அமுக்கிய கீல் சதையோடு பிய்த்துக்கொண்டு வரும். மெட்டல் ஃப்ரேமில் பற்றவைத்த இடம் விட்டுப்போகும். இரண்டும் தாங்கினால் ஃப்ரன்ட் வில்லாக வளைந்து லென்ஸ் தெறிக்கும். நான் உடைத்த ஃப்ரேமில் கீல் பிய்ந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, ஸ்குரூவுக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

சைடை எல்லை தாண்டி விரிக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், எல்லோரும்தான். ஒற்றைக் கையால் கண்ணாடி கழற்றுகிற பழக்கம் ஒன்று போதும். ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கத்துச் சைடு காதில் மாட்டிக்கொண்டு வெளியே மடங்கும். இடுப்பில் இருக்கிற பேரன் பாட்டியின் கண்ணாடியைப் பிடித்து இழுப்பான். கண்ணாடி போட்டுக்கொண்டே படுத்துத் தூங்குவார்கள். பனியனைத் தலைவழியாகக் கழற்றும்போது கண்ணாடி நினைவு வராது. இதற்கெல்லாம் மனிதர்களைத் திருத்த முடியாது. கீலைத்தான் திருத்தியாக வேண்டும்.

கண்ணாடிக்குச் சைடு என்பதே வெகு தாமதமாக வந்த சங்கதி. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் கண்ணாடி வந்துவிட்டது. அதற்குப் பிறகு நானூறு வருஷத்துக்கு மேல் அதை மூக்கில் கவ்வ வைத்தார்கள், கையில் பிடித்தார்கள், நாடாவால் கட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டில், லண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் போன்ற கண்ணாடிக்காரர்கள் காலத்தில்தான் விறைப்பான சைடு வந்தது. அன்றைக்கே இந்த நெம்புகோல் தொல்லையும் சேர்ந்து வந்திருக்கும்.

எங்கள் பக்கம் ஸ்பிரிங் வைத்த ஃப்ரேம் நடமாட ஆரம்பித்தது தொண்ணூறுகளில். பாரிமுனை மொத்தக் கடையிலிருந்து வந்த சரக்கில் ஒன்றில் சைடு உடைந்தே இருந்தது. பாய் அதைத் திருப்பி அனுப்பவில்லை. மெல்லிய அரத்தால் கீலின் ஒரு பக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளினார்.

சைடின் உள்பக்கத்தில் ஒரு சின்ன டப்பி பற்றவைத்திருந்தது. நீளம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும். அதற்குள் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு நாக்கு. நாக்கின் முனையில் ஸ்குரூ இறங்குகிற வளையம். பின்பக்கம் ஒல்லியான தண்டு, அதன் கடைசியில் ஒரு கொண்டை. தண்டைச் சுற்றி ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஒரு முனை டப்பியின் வாய்ப்பக்கத்துத் தடுப்பில் முட்டி நிற்கிறது, மறுமுனை கொண்டையில். ஆக, நாக்கை வெளியே இழுத்தால் ஸ்பிரிங் நீளுவதில்லை. அமுங்குகிறது.

ஸ்பிரிங் கீல் என்றால் உள்ளே இழுவை ஸ்பிரிங் இருப்பதாகத்தான் பல பேர் நினைக்கிறார்கள். இழுவை ஸ்பிரிங்கை அதிகமாக இழுத்துவிட்டால் சுருள் விரிந்து கெட்டுப்போகும். அறுந்தால் சைடு அப்படியே தொங்கும். அமுங்குகிற ஸ்பிரிங்கில் இரண்டும் இல்லை. அமுங்கி அமுங்கிச் சுருளோடு சுருள் ஒட்டிவிட்டால் அதற்கு மேல் அமுங்க இடமில்லை. நாக்கு தானாக நின்றுவிடும். நடுவில் ஒரு சுருள் உடைந்தாலும் துண்டுகள் டப்பிக்குள்ளேயே கிடந்து, பலம் குறைந்தாலும், ஏதோ வேலை பார்க்கும். யோசித்தவன் கெட்டிக்காரன்.

சைடை எல்லை தாண்டி வெளியே தள்ளும்போது என்ன நடக்கிறது? பழைய கீலில் நடக்கிற அதேதான். விளிம்பு முட்டுகிறது, சைடு நெம்புகிறது, வளையத்தை இழுக்கிறது. ஆனால் இங்கே வளையம் இழுத்த பக்கம் வந்துவிடுகிறது. டப்பியிலிருந்து நாக்கு ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ வெளியே நீள, சைடு இருபது, முப்பது டிகிரி கூட விரிகிறது. கையை விட்டால் ஸ்பிரிங் நாக்கை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த இருபது முப்பது டிகிரிக்குள் கை வேலையை முடித்துக்கொண்டால் ஃப்ரேம் பிழைத்தது. அதையும் தாண்டித் தள்ளினால் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதே நாற்பது மடங்கு. "உடையவே உடையாது" என்று சொல்லி விற்கிறவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஸ்பிரிங்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஃப்ரன்ட் பக்கத்து வளையத்தின் வெளிச்சுற்று முழு வட்டமாக இருக்காது. ஒரு மூலை வைத்திருப்பார்கள். சைடை மடக்கும்போது டப்பியின் வாய் அந்த மூலைமேல் ஏறும். ஏறும்போது நாக்கு வெளியே இழுபட்டு ஸ்பிரிங் அமுங்கும். மூலையைத் தாண்டியதும் சைடு தானே ஓடிப்போய் மூடிக்கொள்ளும். திறக்கும்போதும் அப்படியே. அந்த டக் சத்தம் இதிலிருந்துதான். நாளாக ஆக மூலை தேயும், சத்தம் மந்தமாகும், பிறகு சைடு பாதியில் நின்று ஆடும். பழகிய காதுக்குச் சத்தத்திலேயே கீலின் வயசு தெரிந்துவிடும்.

ஃப்ரேம் கம்பெனிகளில் பல கீலைத் தாங்களே செய்வதில்லை. ஜெர்மனியில் ப்ஃபோர்ட்ஸ்ஹைம் பக்கத்தில் இஸ்ப்ரிங்கன் என்ற ஊரில் ஓபிஇ என்று ஒரு கம்பெனி. கண்ணாடிக்கான கீலும் குட்டி ஸ்குரூவும் செய்து பேர் வாங்கியது. இத்தாலியில் விசோட்டிகா, பிரான்ஸில் கோமோடெக். ப்ஃபோர்ட்ஸ்ஹைம் நகைக்கும் கைக்கடிகாரத்துக்கும் பேர் போன ஊர் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பாய் கடையிலும் பற்றவைக்கிற வேலை வந்தால் சௌகார்பேட்டைப் பக்கம் நகை செய்கிற ஆசாரி ஒருவரிடம்தான் ஓடுவோம். வேலையின் அளவு ஒன்று, பொறுமையும் ஒன்று.

இனி ரிப்பேர். ஸ்பிரிங் கீலின் குணம் ஸ்குரூ விழுந்த பிறகுதான் தெரியும். சாதாரணக் கீலில் வளையத்தோடு வளையத்தைப் பொருத்தினால் துளை நேராக வந்துவிடும். ஸ்பிரிங் கீலில் ஸ்குரூ போன மறு நொடியே நாக்கு டப்பிக்குள் பின்வாங்கிவிடும். துளைகள் ஒன்றையொன்று பார்க்காது. வீட்டில் சேஃப்டி பின்னும் தையல் ஊசியும் வைத்துக்கொண்டு போராடி, வளையத்தின் வாயைக் கோணலாக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. சிலர் நூலால் கட்டியிருப்பார்கள், சிலர் செப்புக் கம்பி. ஃபெவிக்விக் போட்டுக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும். பசை டப்பிக்குள் இறங்கினால் நாக்கு அசையாது, ஸ்பிரிங்கும் அசையாது. ஸ்பிரிங் வைத்த ஃப்ரேமுக்குக் காசு கொடுத்து, அதை ஸ்பிரிங் இல்லாத ஃப்ரேம் ஆக்கிக்கொண்டு வந்திருப்பார்.

பாய் சொல்லிக் கொடுத்த முறையைத்தான் இன்றைக்கும் செய்கிறேன். மெல்லிய பித்தளைக் கம்பியை வளையத்துக்குள் நுழைத்து, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கிக்கொள்ள வேண்டும். சைடைத் துணி சுற்றிய குறட்டில் பிடித்துக்கொண்டு கம்பியை நேராக இழுத்தால் நாக்கு வெளியே வரும். வந்த நொடியில் நடுவே பிளவு வெட்டிய தகரத் துண்டை டப்பியின் வாய்க்கும் வளையத்துக்கும் இடையில் செருகிவிட வேண்டும். பால் பவுடர் டப்பா மூடித் தகரம் இதற்குச் சரியான கனம். இப்போது நாக்கு திரும்பிப் போக முடியாது. கம்பியை உருவிவிட்டு வளையங்களைப் பொருத்தினால் துளை ஏறக்குறைய நேராகத் தெரியும்.

அந்த ஏறக்குறையவில்தான் தொழில் இருக்கிறது. சாதாரண ஸ்குரூவை அதில் திணித்தால் மறை கோணலாக ஏறி, நல்ல மறையையும் கெடுத்துவிடும். முனை கூராகவும் நீளமாகவும் உள்ள ஸ்குரூ தனியாக விற்கிறது. கூர்முனை முதலில் எல்லா வளையத்தையும் கடந்து துளைகளைத் தானே நேராக்கிவிடும். அதன் பிறகுதான் மறை பிடிக்கும். முழுசாக இறங்கியதும் அடியில் துருத்துகிற முனையை வெட்டி, அரத்தால் வழித்துவிட வேண்டும். வழிக்காமல் விட்டால் கன்னத்தில் கீறும், துடைக்கிற துணியில் நூல் நூலாக மாட்டும். கடைசியாகத் தகரத்தை உருவினால் டக். இந்த வேலைக்கென்றே கொக்கி வைத்த குறடு இப்போது கிடைக்கிறது. என்னிடமும் இருக்கிறது. கம்பியும் தகரமும் கை பழகிவிட்டதால் அது பெரும்பாலும் டிராயரில் கிடக்கிறது.

ஸ்குரூ கழலாமல் இருக்க ஒரு பொட்டு நெயில் பாலிஷ். இது எல்லாக் கடையிலும் நடக்கிற வைத்தியம். ஆனால் நெயில் பாலிஷை அழிக்கிற திரவத்தை ஷெல் ஃப்ரேம் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அதில் இருக்கிற அசிட்டோன் அசிடேட்டைக் கரைத்துவிடும். பட்ட இடம் வெளுத்துப்போய் ஒட்டும். மறை தேய்ந்திருந்தால் 1.2 ஸ்குரூ இருந்த இடத்தில் 1.4-க்கு மறை வெட்டிப் போடலாம். அதுவும் முடியாவிட்டால் நீளமான ஸ்குரூவைப் போட்டு அடியில் குட்டி நட்டு மாட்டுவது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் லேத் பட்டறைக்காரர்கள் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள்.

இந்தப் பக்கத்துக் காற்றில் என்னவெல்லாம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒரு பழைய டப்பியைத் திறந்து காட்டிவிடலாம். காசிமேட்டுக்காரர் கண்ணாடியில் உப்பு. எண்ணூரிலிருந்து வருகிறவர் கண்ணாடியில் கறுப்பாக நிலக்கரித் தூசு. வியாசர்பாடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருப்பவர் கண்ணாடியில் இரும்புப் பொடி. எல்லோருடைய டப்பியிலும் பொதுவாக இருப்பது வியர்வையும் தலை எண்ணெயும். இவையெல்லாம் சேர்ந்து நாக்கைச் சுற்றிக் கெட்டியாகிவிடும். விரித்தால் விரியும், திரும்பி வராது. வந்தாலும் முனகிக்கொண்டு வரும். ஸ்பிரிங் போய்விட்டது என்று வாடிக்கையாளர் சொல்வார். ஸ்பிரிங் பெரும்பாலும் எவர்சில்வர், அது அவ்வளவு சுலபத்தில் போகாது. வெந்நீரில் சோப்புக் கரைசல் போட்டு அல்ட்ராசானிக் தொட்டியில் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, ப்ளோயரால் ஊதினால் பாதிக் கண்ணாடி உயிர் பெற்றுவிடும். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஊசிமுனையில் தொட்டு ஒரு பொட்டு. வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி தூசியை அதுவே கூப்பிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்கள் வாளியும் கையுமாக அதை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் வந்த சில கண்ணாடிகளில் கீல் இருக்கிற இடமே தெரியவில்லை, கறுப்புப் பிசினாக இருந்தது. ஒருவருக்கு லென்ஸைத் தனியாகக் கழற்றி, ஃப்ரேமைச் சோப்பு நீரில் இரவெல்லாம் ஊறப் போட்டுத்தான் நாக்கை அசைக்க முடிந்தது. "படகுக்கே இன்னும் வழியக் காணோம், நீ கண்ணாடியப் புடிச்சிக்கினு கெடக்குறியே நைனா" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மெட்டல் ஃப்ரேம் கீலில் பச்சைக் களிம்பு பிடிப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஜெர்மன் சில்வர் என்று சொல்லப்படுகிற உலோகத்தில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். மேல்முலாம் தேய்ந்ததும் வியர்வை செம்பைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்பிரிங் டப்பி சைடின் உள்பக்கத்தில் புடைத்துக்கொண்டு இருப்பதால் முலாம் அங்கேதான் முதலில் தேயும். நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோலாக இருந்தால் நெற்றிப் பொட்டுப் பக்கம் அரிப்பு எடுத்துக் கறுத்துப்போகும். அவர்களுக்கு டைட்டானியம் ஃப்ரேமைக் காட்டுவேன். விலையைக் கேட்டு எழுந்து போய்விட்டால், டப்பி வெளியே தெரியாமல் அசிடேட்டுக்குள்ளேயே புதைத்த ஷெல் ஃப்ரேம். ஹெல்மெட் போடுகிறவர்களுக்கும் நான் அதையேதான் சொல்வேன். புடைத்த டப்பிமேல் ஹெல்மெட் பஞ்சு அமுக்கினால் வியாசர்பாடியிலிருந்து கிண்டி போய்ச் சேர்வதற்குள் தலைவலி வந்துவிடும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எண்ணூர் ரூட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். அகலமான முகம். வேறெங்கோ வாங்கிய ஃப்ரேம். இரண்டு பக்கமும் கீல் லொடலொடவென்று ஆடியது.

"ஸ்பிரிங்குன்னு சொல்லித்தாண்ணே குட்த்தாங்க. ரெண்டே மாசம், பாரு."

"போட்டுக் காட்டுங்க."

போட்டார். நான் எழுந்து நின்று அவர் உச்சந்தலைப் பக்கமிருந்து பார்த்தேன். சைடும் ஃப்ரன்ட்டும் சேர்கிற இடத்தில் ஒரு இடுக்கு தெரிந்தது. சைடு தன் எல்லையைத் தாண்டி விரிந்தே இருந்தது. காலையில் மாட்டினதிலிருந்து ராத்திரி கழற்றுகிற வரைக்கும் ஸ்பிரிங் அமுங்கியபடியே கிடந்திருக்கிறது.

"ஃப்ரேம் உங்க மூஞ்சிக்குச் சின்னதுண்ணே."

"டைட்டா இருந்தாத்தானே நிக்கும்?"

இதைக் கேட்காத வாடிக்கையாளர் குறைவு. கண்ணாடியை நிறுத்துவது பக்கவாட்டுப் பிடி கிடையாது. மூக்கில் அது உட்காருகிற இடமும், காதுக்குப் பின்னால் வளைந்து இறங்குகிற முனையும்தான் நிறுத்துகின்றன. நடுவில் சைடு காதுவரைக்கும் தலையை அழுத்தாமல், தொட்டும் தொடாமல் போக வேண்டும். குறுகலான ஃப்ரேமில் சைடு காதுக்கு முன்னாலேயே, பொட்டுப் பக்கம் அழுத்தும். தலை பின்னால் போகப் போக அகலமாகிறது. அந்தச் சரிவில் அழுத்தினால் கண்ணாடி முன்னால்தான் வழுக்கும். இறுக்கமான கண்ணாடிதான் அதிகமாக வழுக்குகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பிரித்துக் காட்டினால் நம்புவார்கள். வழுக்கினால் வெறும் எரிச்சலோடு போகாது. ப்ரோக்ரெசிவ் லென்ஸ் போட்டவருக்குப் படிக்கிற இடம் கீழே இறங்கிவிடும். மைனஸ் பவர் அதிகமானவருக்குக் கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம் மாறி, டாக்டர் எழுதிய பவரே குறைந்த மாதிரி ஆகிவிடும். பழி பவர் எழுதினவர்மேல் போகும்.

சாதாரணக் கீல் ஃப்ரேமாக இருந்தால் இந்தத் தப்பு கடையிலேயே தெரிந்துவிடும். போட்டதும் வலிக்கும், கழற்றி வைத்துவிடுவார். ஸ்பிரிங் வைத்த ஃப்ரேம் முதல் பத்து நிமிஷத்துக்கு எல்லாத் தலைக்கும் சரியாக இருப்பது போலவே இருக்கும். கடைக்காரருக்கு அது வசதி. ஒரே அளவு ஃப்ரேமை ஒல்லி முகத்துக்கும் அகல முகத்துக்கும் விற்றுவிடலாம். என்னைக் கேட்டால், ஸ்பிரிங் கீல் வந்த பிறகு அளவு பார்த்து ஃப்ரேம் எடுத்துக் கொடுக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் குறைந்துவிட்டது.

சைடின் உள்பக்கம் 52 18 140 என்று எண்கள் இருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது மூக்குக்கு மேல் இரண்டு லென்ஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, கடைசி எண் சைடின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். ஃப்ரேமின் மொத்த அகலம் பெரும்பாலும் எழுதியிருக்காது. ஒரே 52-18 இரண்டு கம்பெனியில் இரண்டு அகலமாக வரும். ஆகவே தலையில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கிற ஸ்பிரிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யாரையாவது மேலேயிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கீல் வாயில் இடுக்கு தெரியாமல் ஒட்டி இருந்தால் சரியான அளவு.

லாரிக்காரருக்குப் பெரிய ஃப்ரேம் எடுத்துக் கொடுத்தேன். பழைய லென்ஸ் அதற்குப் போதாது. புது லென்ஸும் சேர்த்துச் செலவு. அவர் முகம் சுண்டியது எனக்குத் தெரியாமல் இல்லை.

அளவு சரியாக இருந்தும் ஒரு பக்கம் ஏறி இறங்கி நிற்கிற கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டி வரும். பழைய கீலில் இரண்டு குறடு வைத்துக் கீல் ஓரமாகவே வளைத்துவிடலாம். ஸ்பிரிங் டப்பிமேல் குறடு வைத்து நெரித்தால் நாக்கு ஓடுகிற பாதை நசுங்கும், கீல் அன்றோடு முடிந்தது. டப்பியின் வாயில் அரம் போடுவதும் கூடாது. முட்டி நெம்புகிற விளிம்பே அதுதான். வளைக்க வேண்டியது ஃப்ரன்ட்டின் ஓரத்தை. ஷெல் என்றால் இளஞ்சூட்டில், மெட்டல் என்றால் பற்றவைப்புக்கு அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு.

பற்றவைப்பு என்றதும் நினைவு வருகிறது. ஃப்ரன்ட் பக்கத்து வளையம் உடைந்தால் பற்றவைத்துத் தரலாம், பயமில்லை. டப்பி இருக்கிற பக்கம் நெருப்பு காட்டினால் ஸ்பிரிங்கின் விறைப்பு போய்விடும். பார்வைக்கு அப்படியே இருக்கும், அமுக்கினால் அமுங்கினபடியே கிடக்கும். நாக்கையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுக்க வழி இருக்கிற டப்பி என்றால் எடுத்துவிட்டுப் பற்றவைக்கலாம். மலிவு ஃப்ரேம்களில் வாயை நசுக்கியே அடைத்திருப்பார்கள். அதை எடுக்க முடியாது. அந்த மாதிரிக் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு வா என்று சொல்வதைவிட, முடியாது என்று அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்குரூவும் ஸ்பிரிங்கும் இல்லாமலே சைடை வளைய வைக்கிற வழிகளும் வந்துவிட்டன. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த நிட்டினால் என்ற கலவையைக் கண்டுபிடித்தார்கள். வளைத்தாலும் பழைய உருவத்துக்கே வரும். அதில் ஃப்ரேம் செய்து ஃப்ளெக்ஸான் என்று விற்கிறார்கள். பெர்லினில் ஒரு கம்பெனி தகட்டை மடித்துக் கோத்தே கீல் செய்கிறது, ஸ்குரூ கிடையாது. டிஆர்-90 என்கிற நைலான் ஃப்ரேம் எம்.கே.பி. நகர் விலைக்கே கிடைக்கிறது. கீல் சாதாரணமாக இருந்தாலும் சைடே வளைந்துகொடுக்கும். உடைந்தால் பற்றவைக்க முடியாது என்பது அதன் குறை. ஃப்ரேமுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 12870 சைடை 500 தடவை ஆட்டிப் பார்க்கச் சொல்கிறது. கண்ணாடியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழற்றி மாட்டுகிறவருக்கு 500 என்பது இரண்டு மாதத்தைக்கூடத் தாண்டாது. ஆகவே தரச்சான்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுவேன், ஆனால் கீலைக் கையில் ஆட்டிப் பார்க்காமல் விட மாட்டேன்.

ஸ்பிரிங் கீலில் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல், டப்பி போனால் மாற்று டப்பி கிடைக்காது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு. வளையத்தின் கனம் கால் மில்லிமீட்டர் மாறினாலும் உட்காராது. அதனால் யாராவது வேண்டாம் என்று விட்டுப்போகிற ஃப்ரேமை நான் எறிவதில்லை. சைடுகளைக் கழற்றி இடது வலது பிரித்து டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன். பொருந்துகிற சைடு கிடைத்தால் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு என்று மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் இதுதான் இப்போ ஃபேஷன் என்று சொல்லிச் சமாளிப்பார்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் கீல் வைத்த ஃப்ரேமைத்தான் எடுத்துக் கொடுப்பேன். வியாசர்பாடியில் பையன்கள் பந்து விளையாடாத சாயங்காலம் கிடையாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆடு என்றால் கேட்கிற வயசும் இல்லை. ஆனால் வளருகிற முகம். ஆறு மாதத்தில் இடுக்கு தெரிய ஆரம்பித்துவிடும். மாதம் ஒரு தடவை கொண்டுவந்து காட்டும்படி அம்மாக்களிடம் சொல்லி அனுப்புவேன். சிலர் வருவார்கள், பலர் உடைந்த பிறகுதான் வருவார்கள். "இன்னா ஆவும் அண்ணே?" என்று பர்ஸைத் திறப்பார்கள். ஸ்குரூ முறுக்கித் தருவதற்கு எங்கள் தெருவில் யாரும் காசு வாங்குவதில்லை. வாங்கினால் நாலு பேர் சிரிப்பார்கள்.